பன்றியைத் தைத்த அம்பு

“சாமியம்மா, இந்த அம்பைக் கழுவிக் கொடுங்க. என் குடும்பத்தைக் காப்பாத்துங்க!”

வேம்பன் பாறைமேல் ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

அம்பு அவன் கையில் இல்லை. ஒரு நீளக் கழியின் நுனியில் கொடியால் கட்டித் தொங்கவிட்டிருந்தான். செத்த பாம்பைத் தூக்கி வருகிறவனைப் போல அந்தக் கழியைத் தள்ளிப் பிடித்திருந்தான். அந்த மலையில் அவன்தான் வேட்டைத் தலைவன். அவன் ஓர் அம்பைக் கண்டு பயந்ததை யாரும் பார்த்ததில்லை.

மின்னி கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கிருந்தோ அந்த மலைக்கு வந்து சேர்ந்தவள் அவள். எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. வேம்பனைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் நரைத்த தலைகளெல்லாம் அவள் முன்னால் வந்து உட்காரும், எதையாவது கேட்கும். அவள் முதலில் சிரிப்பாள். சில நாள் பதில் சொல்வாள். சில நாள் விறகு பிளக்கச் சொல்வாள்.

“கழுவுற தண்ணி ஆத்துல ஓடுது. நான் எதுக்கு?” என்றாள்.

“நான் அதைத் தொடக்கூடாது.”

“ஏன், கடிக்குமா?”

“வழக்குல இருக்கிற அம்பு, சாமியம்மா. வழக்காடுறவன் தொடக்கூடாது. அவனோட சொந்தக்காரங்களும் தொடக்கூடாது. அது எங்க ஊர்க் கட்டு.”

“சொந்தமில்லாதவங்க கையில குடுங்க.”

“எங்க ஊர்ல சொந்தமில்லாதவன் யாரு? என் வீட்டு நாய்கூட மாமன் வீட்டு நாய்க்குப் பொறந்தது!”

மின்னி விழுந்து விழுந்து சிரித்தாள். வேம்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“யாரோட வழக்கு?”

“என் தங்கச்சி செங்காயி புருசன். சடையன்.” பெயரைச் சொன்ன வாயைத் துடைத்துக்கொண்டான்.

நடந்தது இதுதான். ஊர்கூடிப் போன பெருவேட்டை. ஒற்றைப் பன்றி ஒன்று, கன்றுக்குட்டி கனம் இருக்கும், புதரை உடைத்துக்கொண்டு கிளம்பியது. காட்டுக்குள் ஓடவேண்டிய சனியன், ஊர்ப்பக்கமாக ஓடியது. மேட்டிலிருந்து வேம்பன் ஓர் அம்பு விட்டான். பள்ளத்திலிருந்து சடையன் ஓர் அம்பு விட்டான். பன்றி வீடுகளுக்குப் பின்னாலிருந்த சேற்றுக்குழியில் விழுந்து, புரண்டு, செத்துப்போனது.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். பன்றியின் உடம்பில் ஒரே ஓர் அம்புதான் இருந்தது. மற்றது எங்கே விழுந்ததோ, தேடியும் கிடைக்கவில்லை.

அந்த ஊரில் எல்லா அம்பும் ஒரே புதர் மூங்கிலில் செய்வது. இன்னார் அம்பு என்று இறகை வைத்துத்தான் சொல்லமுடியும். நாரையின் வெள்ளிறகு, அதன் அடியில் அந்தந்த வீட்டு நிறத்தில் ஒரு பட்டை. வேம்பன் வீட்டுக்கு மஞ்சள். சடையன் வீட்டுக்கு வேங்கைப் பிசின் சிவப்பு. பன்றி புரண்ட புரளலில் இறகெல்லாம் சேறும் ரத்தமுமாக ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்பு உருண்டையாகக் காய்ந்துவிட்டது.

“என் அம்பு!” என்றான் வேம்பன்.

“என் அம்பு!” என்றான் சடையன்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. ‘உனக்குக் கண்ணு மங்கிப்போச்சு’ என்று சடையன் சொன்னான். ‘நீ பொண்டாட்டி வீட்டு வில்லைத் தூக்கிட்டுத் திரியிறவன்’ என்று வேம்பன் சொன்னான். ஊர் பன்றியைச் சமைத்துச் சாப்பிட்டது. இவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். வழக்கு தீரும்வரை அம்பு கோயில் மரத்தில் தொங்கட்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. பன்றியின் பல்லும் அங்கேயே தொங்கியது. யார் அம்போ அவர் வீட்டு வாசலில்தான் அந்தப் பல்லைக் கட்டுவார்கள்.

“பல்லுக்காகவா இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க?” என்றாள் மின்னி.

“பல்லு கெடக்குது, சாமியம்மா. வர்ற பௌர்ணமிக்கு என் தங்கச்சி மக மொட்டுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்காத்தித்தான் குத்தணும். அவன் வாசப்படியை மிதிக்கமாட்டேன்னு நான் சொல்லிட்டேன். மிதிச்சா காலை உடைப்பேன்னு அவன் சொல்லிட்டான்.”

அவன் குரல் இறங்கியது.

“அந்தப் புள்ள பொறந்தப்போ முதல்ல கையில வாங்கினது நான். இப்போ வழியில என்னைப் பாத்தா ‘மாமா’ன்னு கூப்பிட வாயைத் திறக்குது. அப்புறம் அப்பன் மூஞ்சியைப் பாத்துட்டு மூடிக்குது. நாலு வயசுப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்? என்னால தாங்க முடியல.”

மின்னி கிழங்கைத் திருப்பிப் போட்டாள்.

“அம்பைக் கழுவிட்டா எல்லாம் சரியாயிடுமா?”

“பின்னே? மஞ்சள் தெரியும். அவன் வாயை மூடிக்கிட்டு மன்னிப்புக் கேப்பான். நான் பெரிய மனசு பண்ணிப் போவேன்.”

“சிவப்பு தெரிஞ்சா?”

வேம்பன் அதை யோசித்ததே இல்லை.

“அது எப்படித் தெரியும்? என் அம்புதானே அது!”

“நான் தொடமாட்டேன்” என்றாள் மின்னி.

“ஐயோ, ஏன்?”

“நானும் சொந்தக்காரி ஆயிட்டேன். பழம் பொறுக்க வந்த மொட்டு என்னை அத்தைன்னு கூப்பிட்டுது. நானும் என்னன்னு கேட்டுட்டேன்.”

வேம்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இவளும் போனால் இனி அடுத்த மலைக்குத்தான் போகவேண்டும்.

“தலைவரே, வழக்காடுறவர் தொடக்கூடாதுன்னு எதுக்குச் சொல்லிவெச்சாங்க?”

“மத்தவனுக்குத் தெரியாம ஏதாவது பண்ணிடுவான்னு.”

“ரெண்டு பேரும் ஒண்ணாத் தொட்டா?”

ஊரில் அத்தனை பெரிய தலைகள் கூடிப் பேசியும் இதை ஒருத்தரும் கேட்கவில்லை.

“அவன் வரமாட்டான்” என்றான்.

“வந்தாச்சே!” மின்னி கையிலிருந்த கோலால் எதிர்ப்பாறையைக் காட்டினாள். “எந்திரிச்சு வாங்க அண்ணே. எறும்பு கடிக்கப்போகுது.”

பாறைக்குப் பின்னாலிருந்து சடையன் எழுந்தான். தலையெல்லாம் புல். வேம்பன் அம்பை எடுத்துக்கொண்டு கிளம்பியதிலிருந்து பின்னாலேயே பதுங்கிப் பதுங்கி வந்திருக்கிறான். மலைக்கே தலைவன், புலி நடந்தால்கூடத் தெரியும் என்று பெயரெடுத்தவன், அவனுக்கு முதுகுக்குப் பின்னால் மச்சான் வந்தது தெரியவில்லை.

“வழியில அம்பை ஏதாவது பண்றாரான்னு பாக்க வந்தேன்” என்றான் சடையன், மின்னியிடம்.

“பண்ணினாரா?”

“இல்லை. ஒரு இடத்துல வழுக்கி விழுந்தாரு. அப்பக்கூடக் கழியை விடல.”

மின்னி ஒரு மண்சட்டியை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

“கழுவுங்க.”

உடனே அடுத்த சண்டை ஆரம்பமாகிவிட்டது.

“சாம்பத்தண்ணி இருந்தா நல்லாப் போகும் சாமியம்மா” என்றான் சடையன்.

“பாத்தீங்களா இவன் கெட்டிக்காரத்தனத்தை! மஞ்சள்ல சாம்பத்தண்ணி பட்டா சிவந்துபோகும். என் அம்பை இவன் அம்பாக்கப் பாக்கிறான்! வெந்நீர் போதும்.”

“வெந்நீர்ல வேங்கைப் பிசின் கரைஞ்சு போகும்னு அவருக்குத் தெரியாதாம், சாமியம்மா. பச்சப்புள்ள!”

“பச்சைத் தண்ணி ஊத்துங்க” என்றாள் மின்னி.

ஊற்றினார்கள். ஆளுக்கொரு கை சட்டியைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார்கள். ஒருத்தர் கையை ஒருத்தர் நம்பவில்லை. அம்பைக் கழியிலிருந்து அவிழ்க்கும்போதும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். கல்யாணத்தில் மாலை மாற்றுகிறவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காகச் செய்வதில்லை.

அம்பின் பின்முனை தண்ணீரில் இறங்கியது. வேம்பனுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே என்ன நிறம், உள்ளே என்ன நிறம் என்று மனசு அடித்துக்கொண்டது. கட்டைவிரல் நகத்தால் சேற்றைச் சுரண்டினான். உருண்டையில் ஒரு மூலை பெயர்ந்தது. அதோடு இறகின் இழை ஒன்றும் உடைந்து வந்தது.

மின்னியின் கோல் அவன் புறங்கையில் விழுந்தது. வலிக்கும்படிதான் விழுந்தது.

“ஆ!”

“காஞ்ச சேத்தைச் சுரண்டினா இறகும் சேந்துதான் வரும். ஊறட்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“அதுவா விடுற வரைக்கும்.”

சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரி கஷ்டமான வேலை உண்டா? ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சட்டித் தண்ணீரில் மெல்ல மெல்லக் கலங்கல் பரவியது. மின்னி அதைக் கொட்டச் சொன்னாள். மறுபடி ஊற்றச் சொன்னாள். மறுபடி கொட்டச் சொன்னாள்.

ஒரு கிழங்கை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு அவள் விறகு பொறுக்கப் போனாள்.

கிழங்கிலிருந்து ஆவி பறந்தது. வேம்பன் பார்க்காத மாதிரி பார்த்தான். சடையனும் அப்படியே பார்த்தான். காலையிலிருந்து இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. கடைசியில் சடையன் எடுத்தான், தோலை உரித்தான், இரண்டாகப் பிட்டான். பெரிய துண்டை வேம்பன் பக்கம் நீட்டினான். எத்தனையோ வருஷம் ஒன்றாக வேட்டைக்குப் போன கை, அது பாட்டுக்கு நீண்டுவிட்டது. பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. மானத்தை விட முடியாமல், நீட்டிய கையை மடக்கவும் முடியாமல் முகத்தை மட்டும் வானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வேம்பன் வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. நன்றாக இருந்தது கிழங்கு.

“சட்டியே” என்றான் கொஞ்சநேரம் கழித்து. “காதுகுத்துக்குப் பந்தல் போட்டாச்சான்னு கேளு.”

சடையன் சட்டியைப் பார்த்தான்.

“சட்டியே, மூங்கில் வெட்டி வெச்சிருக்குன்னு சொல்லு. கட்டத்தான் ஆள் இல்லை.”

“சட்டியே, கம்மல்?”

“கம்மல் தாய்மாமன் போடுறதுன்னு அவருக்குத் தெரியாதான்னு கேளு, சட்டியே.”

“எப்பவோ செஞ்சு வெச்சாச்சுன்னு சொல்லு” என்றான் வேம்பன். அதற்குமேல் சட்டியிடம்கூட அவனால் பேச முடியவில்லை. கம்மல் அவன் இடுப்பு மடிப்பிலேயே இருந்தது. வீட்டில் வைக்க மனசில்லாமல் போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துப் போகிறான் பாவம்.

சடையன் மூக்கை உறிஞ்சினான். புகை என்று சொல்லிக்கொண்டான். புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

மின்னி திரும்பி வந்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது. சேறு முழுக்கக் கரைந்து போயிருந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். தலையும் தலையும் முட்டிக்கொண்டன.

ஒரு நிறமும் தெரியவில்லை. இறகுகள் தண்ணீரில் ஊறி, ஒட்டி, நனைந்த நூல்திரி மாதிரி அம்போடு சுருண்டு கிடந்தன. எல்லாம் ஒரே அழுக்கு நிறம்.

“போச்சு!” என்றான் வேம்பன். “கெட்டுப்போச்சு!”

“கெடல. படுத்திருக்கு” என்றாள் மின்னி. “எழுப்பணும்.”

குறுகிய வாய்ப் பானை ஒன்றில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டாள். மூடியை லேசாகத் திறந்தால் ஆவி ஒரு கற்றையாக மேலே வந்தது.

“ஒருத்தர் அம்பை ஆவியில உருட்டணும். நின்னா பிசின் இளகி இறகு கழண்டுரும். இன்னொருத்தர் மூடியைத் திறந்து திறந்து மூடணும், நடுவுல இறகை அடியிலேர்ந்து நுனிக்கு நீவணும். உருட்டுறவர் சொல்றப்போ மூடணும். நேரம் தப்பினா அவ்வளவுதான்.”

“சட்டி மூலமாச் சொல்லலாமா?” என்று கேட்டான் சடையன்.

“சொல்லுங்களேன். இறகு காத்திருந்தா சரி.”

வேம்பன் அம்பை வாங்கினான். சடையன் மூடியைப் பிடித்தான். ஆவி எழுந்தது. அம்பு உருண்டது.

“சட்டியே, மூடச் சொ... மூடு! மூடுய்யா! மூடு மச்சான்!”

மூடி டப்பென்று விழுந்தது.

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்து விழுந்துவிட்டது, இனி பொறுக்கி உள்ளே போட்டுக்கொள்ள முடியாது. சடையன் எதுவும் கேட்காதவன் மாதிரி விரலை நனைத்து இறகை நீவினான். பெரிய முரட்டுக் கை அவனுக்கு. ஆனால் பிள்ளைக்குத் தலை வாருகிறவன் மாதிரி நீவினான்.

“திறக்கவா?” என்றான்.

“திற.”

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம். ஆங், மூடு... ஆ! சுட்டுருச்சு!”

சடையன் மூடியை எறிந்துவிட்டு வேம்பனின் கையைப் பிடித்துப் பச்சைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கினான்.

“கண்ணை எங்க மச்சான் வெச்சிருக்கீங்க? ஆவி வர்ற எடத்துல விரலைக் குடுத்தா?”

“இறகைப் பாத்துக்கிட்டிருந்தேன்!”

“இறகைப் பாத்தா விரல் வேகாதா?”

வேம்பனுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, எதனாலோ, சிரிப்பு வந்தது. சடையனுக்கும் வந்தது. இரண்டு பேரும் சட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

“வேலை முடியல” என்றாள் மின்னி.

மறுபடி மூடி திறந்தது. இப்போது சண்டையில்லை. திற, மூடு, உருட்டு, நீவு. முதல் இறகு அசைந்தது. ஒட்டிக்கிடந்த இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. பிறகு தாமாகவே பக்கத்துப் பக்கத்தில் நின்று கைகோத்துக்கொண்டன. வளைந்த தண்டு நிமிர்ந்தது. சடையன் இன்னொரு தடவை நீவினான். இறகு வெள்ளையாக விரிந்தது.

அடியில் மஞ்சள் பட்டை.

“பாத்தியா!” வேம்பன் துள்ளிக் குதித்தான். “பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா? மஞ்சள்! என் வீட்டு மஞ்சள்!” பாறைமேல் ஓர் ஆட்டமே போட்டான்.

சடையன் மூடியைக் கீழே வைத்தான்.

“சரி மச்சான். உங்க அம்புதான். நான்தான் தப்பாப் பேசிட்டேன்.” அவன் குனிந்துகொண்டான். “பௌர்ணமிக்கு வந்துருங்க. புள்ள தினமும் கேக்குது.”

வேம்பனின் ஆட்டம் நின்றது. இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் தவம் கிடந்தான்? கேட்டாகிவிட்டது. ஆனால் மச்சான் முகம் அப்படிச் சுண்டிப் போயிருப்பதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

“இன்னும் ரெண்டு இறகு படுத்திருக்கு” என்றாள் மின்னி. “பாதியில எழுந்தா எப்படி?”

எதற்கென்று தெரியாமலே மறுபடி உட்கார்ந்தார்கள். மூடி திறந்தது. அம்பு உருண்டது. இரண்டாவது இறகு நிமிர்ந்தது.

அடியில் சிவப்புப் பட்டை.

சடையன் எழுந்து நின்றுவிட்டான். “சிவப்பு! என் வீட்டுச் சிவப்பு!”

“அது ரத்தக்கறையா இருக்கும்!”

“கறை இவ்வளவு நேராவா இருக்கும்? நல்லாப் பாருங்க மச்சான். கண்ணு மங்கிப்போச்சுன்னு சும்மாவா சொன்னேன்?”

“அப்போ மஞ்சள்?”

“அப்போ சிவப்பு?”

மூன்றாவது இறகையும் எழுப்பினார்கள். அதிலும் சிவப்பு.

ஒரே அம்பில் ஒரு மஞ்சளும் இரண்டு சிவப்புமா? அப்படி எந்த வீட்டு அம்பும் கிடையாது. வேம்பன் அம்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மஞ்சள் இறகு ஒரு பக்கம் வளைந்திருந்தது. சிவப்பு இறகுகள் மறுபக்கம் வளைந்திருந்தன.

“இடச்சிறகையும் வலச்சிறகையும் கலந்து கட்டியிருக்கு!” என்று கத்தினான். “எந்த மடையன் கட்டினான் இதை? இது நேராவே போகாதே! நாலு எட்டு போறதுக்குள்ள...”

மஞ்சள் இறகைக் கட்டியிருந்த நூலின் முடிச்சைப் பார்த்துவிட்டான். அந்த முடிச்சை அந்த மலையில் அவன் ஒருத்தன்தான் போடுவான்.

கட்டினவன் அவனேதான்.

பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அந்த ஊரில் ஓர் அம்பு செய்வார்கள். பெண்வீட்டு இறகு ஒன்று, இடச்சிறகில் எடுத்தது. அதை அண்ணன்காரன் கட்டுவான். மாப்பிள்ளைவீட்டு இறகு இரண்டு, வலச்சிறகில் எடுத்தவை. அதை மாப்பிள்ளை கட்டுவான். அந்த அம்பை யாரும் எய்வதில்லை. புதுக்குடித்தனம் போகிற வீட்டின் உத்தரத்தில் செருகி வைப்பார்கள். அது பாட்டுக்குப் புகை படிந்து கிடக்கும்.

“மச்சான்” என்றான் வேம்பன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “உங்க வீட்டு உத்தரத்துல அந்த அம்பு இருக்கா?”

“நான் என்னத்தைக் கண்டேன்? அன்னையிலேர்ந்து வீட்டுக்குள்ள தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்.”

“செங்காயியா?”

இரண்டு பேரும் மின்னியைப் பார்த்தார்கள்.

“சாமியம்மா, உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“அம்பைத் தொட்டது நீங்க. நானா தொட்டேன்?” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பை அணைத்தாள். “கேக்க வேண்டியவங்ககிட்டப் போய்க் கேளுங்க.”

ஓடினார்கள். ஏறி வந்தபோது வழுக்கிய இடத்தில் வேம்பன் மறுபடி வழுக்கினான். சடையன் தோளைக் கொடுத்தான்.

செங்காயி வீட்டுக்குள் உட்கார்ந்து தினை புடைத்துக்கொண்டிருந்தாள். சடையன் உள்ளே போய்விட்டான். வேம்பன் வாசற்படியில் நின்றுவிட்டான். மிதிக்கமாட்டேன் என்று ஊரறியச் சொல்லியிருக்கிறான் அல்லவா?

சடையன் திரும்பி வந்து அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

“காலை உடைக்கமாட்டேன், வாங்க!”

செங்காயி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள், அம்பைப் பார்த்தாள்.

“கழுவிட்டீங்களா?” என்றாள். “நல்லா வெளுப்பா வந்திருக்கு.”

“பன்னியை அடிச்சது நீயா புள்ள?” என்றான் சடையன்.

“ஆமா.”

ஏதோ தண்ணீர் எடுத்துவந்தாயா என்று கேட்டதற்குச் சொல்வது மாதிரி சொன்னாள்.

“இந்த அம்பு நேராப் போகாதே!” என்றான் வேம்பன்.

“தெரியும்ண்ணா. அதான் கிட்டப் போனேன்.”

“எவ்வளவு கிட்ட?”

செங்காயி முறத்தை முன்னால் நீட்டிக் காட்டினாள். “இப்படி நீட்டியிருந்தா அதோட மூக்குல பட்டிருக்கும்.”

வேம்பன் தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். எத்தனையோ பன்றியைப் பார்த்தவன்தான். அத்தனை கிட்டத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. தங்கையை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது. அதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

“பைத்தியமா உனக்கு? வீட்டுக்குள்ள ஓடிக் கதவைச் சாத்த வேண்டியதுதானே? பல்லு வேணும்னா நான் தந்திருக்கமாட்டேனா?”

“மொட்டு சேத்துக்குழிப் பக்கம் விளையாடிட்டிருந்தா” என்றாள் செங்காயி.

சடையன் சுவரில் சாய்ந்தான்.

“பன்னி அவளைப் பாத்துத்தான் வந்துது. கையில கெடைச்சது மூலையில கெடந்த பழைய வில்லும் உத்தரத்து அம்பும். எடுத்துட்டு ஓடினேன்.”

“இத்தனை நாளா ஏன் எங்ககிட்டச் சொல்லல?” என்றான் வேம்பன். அழுதுவிடுவான் போலிருந்தது.

செங்காயி முறத்தைக் கீழே வைத்தாள்.

“சொல்லத்தான் வந்தேன். புள்ளையைத் தூக்கிட்டுப் போய்ப் படுக்கவெச்சு, அது நடுக்கம் நிக்கிறவரைக்கும் பக்கத்துல இருந்துட்டு ஓடிவந்தேன். வந்து பாத்தா, ரெண்டு பேரும் பன்னி மேல ஆளுக்கொரு காலை வெச்சுக்கிட்டு, என் அம்பு, என் அம்புன்னு கத்திட்டிருக்கீங்க. கத்தி முடிக்கட்டும்னு நின்னேன். நீங்க முடிக்கவே இல்லை. பௌர்ணமிக்குள்ள யாராவது ஒருத்தர் ‘அந்த நேரத்துல புள்ள எங்க இருந்தா’ன்னு கேப்பீங்க, அப்போ சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவகிட்டயும் அதையேதான் சொல்லிவெச்சேன், மாமாவோ அப்பாவோ கேட்டாச் சொல்லுன்னு.”

வேம்பன் மச்சானைப் பார்த்தான். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மொட்டு எங்கே?” என்றான் வேம்பன்.